பழைய கார்டுக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் கைவிட்ட கம்ப்யூட்டர்கள் லினக்ஸின் வாசலில் வந்து நிற்கின்றன. உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பல நேரங்களில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு

பென் டிரைவ் செருகியாயிற்று. பயாஸில் நுழைந்து, அதிலிருந்தே கம்ப்யூட்டர் கிளம்பும்படி மாற்றியாயிற்று. திரையில் லினக்ஸ் பதிப்பின் சின்னம் தோன்றுகிறது. கீழே ஒரு வளையம் சுற்றுகிறது. வீட்டில் உள்ளவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். அடுத்த நொடி திரை கறுக்கிறது. ஐந்து நிமிடம் கழித்தும் அதே கறுப்பு. பெட்டிக்குள் மின்விசிறி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ராமச்சந்திராபுரம் இந்தக் காட்சிக்குத் தோதான ஊர். 'ஆர்.சி. புரம்' என்றால் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். 1960-களில் இங்கே வந்த மிகுமின் தொழிற்சாலைதான் ஊரின் அடையாளம். திருச்சிக்காரர்களுக்கு 'பெல்' என்றால் பாய்லர், ஆர்.சி. புரத்துக்காரர்களுக்கு 'பெல்' என்றால் டர்பைன். பல பத்தாண்டுகள் ஓட வேண்டிய இயந்திரங்களையும் அவற்றுக்கான உதிரிபாகங்களையும் செய்தே பழகிய ஊர். பழசு என்பதற்காக ஒரு இயந்திரத்தைத் தூக்கிப் போடும் வழக்கம் இங்கே இல்லை.

இந்த ஊரில் இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்ட ஒரு டெக்னீஷியன். 2010 வாக்கில் மகனின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர். இன்டெல் கோர் 2 டுயோ பிராசஸர், 4 ஜிபி நினைவகம், மகன் விளையாட்டுக்காகப் பிடிவாதம் பிடித்துப் போடச்சொன்ன என்விடியா ஜீஃபோர்ஸ் 210 கார்டு. மகன் இப்போது கடல் கடந்த ஏதோ ஒரு நகரில். பெட்டி இங்கே. பென்ஷன் கணக்கு பார்க்க, பழைய பாட்டு கேட்க, பேத்தியிடம் வீடியோவில் பேச அவருக்கு அது போதும். போதும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், 2025 அக்டோபர் 14 வரை.

அன்றுதான் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. கோர் 2 டுயோ அந்த வரிசையில் முதல் தலைமுறைக்கும் முந்தையது. திருத்தங்கள் வராத ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டு உடைந்த பீரோவில் நகையை வைப்பது மாதிரி. கடைக்காரர் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றே: "புதுசு வாங்கிடுங்க சார்." செகந்திராபாத் சினாய் டிரேட் சென்டரானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும் இதில் மாற்றமில்லை.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இன்னொரு வழி. அங்கேதான் கறுத்த திரை.

மொழிபெயர்ப்பாளர் யார்?

லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'எது லேசான பதிப்பு?' என்பது. உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா, ஆர்ச், ஆன்டிஎக்ஸ் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும் இந்தப் பதிப்புகளுக்கு 'டிஸ்ட்ரோ' என்று செல்லப் பெயர். நினைவகம் குறைவாக உள்ள பெட்டிக்கு லேசான டிஸ்ட்ரோ உதவும் என்பது உண்மை. ஆனால் திரை கறுத்ததற்கும் லேசுக்கும் சம்பந்தமில்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு: இந்தக் கார்டை ஓட்டும் டிரைவர் எது, அதை இன்று கவனித்துக்கொள்வது யார்?

டிரைவர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் ஒரு பாஷை பேசும். கார்டில் உள்ள சில்லு வேறு பாஷை பேசும். இடையில் நின்று இரண்டையும் புரியவைப்பது டிரைவரின் வேலை. லினக்ஸில் ஒரு விசித்திரம், கெர்னலின் உள் பாஷை நிலையானதல்ல. ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. ஒவ்வொன்றிலும் உள்ளே ஏதாவது மாறுகிறது. அப்படி மாறும் என்பதை லினக்ஸ் உருவாக்குவோர் ஒளிப்பதில்லை. அது அவர்களது அறிவிக்கப்பட்ட கொள்கை. கெர்னலுக்குள்ளேயே திறந்த நிலையில் இருக்கும் டிரைவர் என்றால், பாஷையை மாற்றியவரே அந்த டிரைவரையும் திருத்திவிட வேண்டும். வெளியே, ஒரு கம்பெனியின் பெட்டகத்தில் பூட்டியிருக்கும் டிரைவர் என்றால், கம்பெனிதான் ஒவ்வொரு முறையும் அதைத் திருத்த வேண்டும். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து அந்த மொழிபெயர்ப்பாளருக்குப் புதிய சொற்கள் தெரியாது. கார்டில் ஒரு கோளாறும் இருக்காது. ஆனாலும் படம் வராது.

இந்தக் கதையின் நாயகனும் வில்லனும் என்விடியாதான். அதன் மூடிய டிரைவர் 2000-த்தை ஒட்டியே லினக்ஸுக்கு வந்துவிட்டது. வேகத்தில் குறைசொல்ல முடியாது. சிக்கல் வயதாகும்போது தொடங்குகிறது. ஜீஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைகளுக்கும் நமது டெக்னீஷியன் வீட்டு 210-க்கும் பொருந்தும் கடைசி டிரைவர் 340 என்ற எண் கொண்டது. அதன் இறுதித் திருத்தம் 2019 டிசம்பரில் வந்தது. 400, 500 வரிசைகளுக்கும், புதுப் பெயரில் விற்ற ஜிடி 610-க்கும் 390; அது 2022-ஓடு முடிந்தது. 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு 470; 2024-ல் அதற்கும் விடைகொடுத்தார்கள். 900, 1000 வரிசைகளுக்கு 580-தான் கடைசி என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. இந்தியக் கடைகளில் அமோகமாக விற்ற ஜிடிஎக்ஸ் 1050-ம் இந்தக் கடைசிப் பட்டியலில் அடக்கம். 'பழைய கார்டு' என்றதும் பரணில் இருப்பதை மட்டும் நினைத்தால் தவறு. 2016-ல் ஆசையாக வாங்கியதும் அதில் சேர்ந்துவிட்டது.

பெயரை நம்பியும் மோசம் போகலாம். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சில்லுகள் விற்கப்பட்டன. ஒன்றுக்கு 390 வேண்டும், மற்றதற்கு 470. அட்டைப்பெட்டியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லினக்ஸின் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' என்ற ஆணையைக் கொடுத்தால், உள்ளே இருப்பது ஜிஎஃப்108 சில்லா ஜிகே208 சில்லா என்று அது சொல்லிவிடும். எந்த டிஸ்ட்ரோவையும் இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் டிவைஸ் மேனேஜரில் பார்த்துக்கொள்ளலாம்.

சில்லின் எண் தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. 470 வேண்டிய கார்டுக்கு உபுண்டு 24.04-ம், அதன்மேல் கட்டிய லினக்ஸ் மின்ட் 22-ம் பொருந்தும். 2029 வரை கவலையில்லை. ஆனால் புதுசு வருகிறதே என்று கெர்னலை மாற்றிக்கொண்டே போகாமல், 6.8 கெர்னலில் நிற்பது நல்லது. 390 வேண்டிய கார்டுக்கு ஒரு படி பின்னால் போக வேண்டும். உபுண்டு 22.04 அல்லது மின்ட் 21, 5.15 கெர்னலோடு. அதற்கு 2027 ஏப்ரல் வரை ஆயுள். இந்தக் கார்டுகளின் மூடிய டிரைவரை நம்பியிருப்பவர் ஃபெடோராவுக்கோ ஆர்ச்சுக்கோ போவது வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டும் புதிய கெர்னலைச் சூடு ஆறுமுன் பரிமாறும் வகை. 2025 டிசம்பரில் ஆர்ச் தனது என்விடியா டிரைவரை 590-க்கு உயர்த்தியபோது, 1000 வரிசையும் அதற்கு முந்தைய கார்டுகளும் வைத்திருப்போருக்கு டெஸ்க்டாப் கிளம்பாமல் போகக்கூடும் என்று அவர்களே எச்சரித்தார்கள்.

340-தான் இக்கட்டு. அதைத் தன் களஞ்சியத்திலேயே வைத்திருந்த டெபியன் 10-க்கு நீண்டகால ஆதரவும் 2024 ஜூனில் முடிந்துவிட்டது. டிரைவரை வேகமாக ஓட்ட வேண்டுமானால் காலாவதியான டிஸ்ட்ரோவில் உட்கார வேண்டும். விண்டோஸ் 10-ஐ விட்டு வெளியேறியதே காலாவதி ஆனதால்தானே? சில ஆர்வலர்கள் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் 340-ஐ ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுகிறார்கள். கைத்திறன் உள்ளவர்களுக்கு அது சரி. பேத்தியோடு பேச விரும்புகிற 65 வயதுக்காரருக்குச் சரிப்படாது.

திருடாத சாவி

அவருக்கு உதவக்கூடியது ஒரு பிரெஞ்சுச் சொல். 'நூவோ' என்றால் 'புதிய'. 2000-களின் நடுவில் ஸ்டெஃபான் மார்ஷசான் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய டிரைவர் இது. அரட்டை அடிக்கும் புரோகிராமில் அவர் 'என்வி' என்ற இரு எழுத்தைத் தட்டியபோது அது தானாக 'நூவோ' என்று மாற்றிக் காட்டியதாம், அதுவே பெயராயிற்று. என்விடியா தன் சில்லுகளின் விவரத்தைத் தரவில்லை. ஆகவே மூடிய டிரைவர் கார்டிடம் என்ன சொல்கிறது, கார்டு என்ன பதில் சொல்கிறது என்று ஒட்டுக்கேட்டு, அதிலிருந்து இலக்கணத்தை ஊகித்து எழுதினார்கள். பல நாடுகளிலிருந்து ஆர்வலர்கள் தங்கள் கார்டுகளின் பதிவுகளை அனுப்பிவைத்தார்கள். 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 கெர்னலுக்குள் நூவோ இடம்பிடித்தது. அன்றிலிருந்து கெர்னலோடு சேர்ந்தே அதுவும் வளர்கிறது. எந்த டிஸ்ட்ரோவைப் போட்டாலும் கூடவே வரும்.

ஊகித்து எழுதியதற்கு உரிய குறைகளும் உண்டு. பெரிய குறை வேகம். கார்டுகள் மின்சாரம் மிச்சப்படுத்தக் குறைந்த வேகத்தில் விழித்து, வேலை வந்ததும் வேகத்தை ஏற்றிக்கொள்ளும். அந்த ஏற்றும் கலை நூவோவுக்குச் சில தலைமுறைகளில் மட்டுமே, அதுவும் கையால் செய்தால்தான் வருகிறது. 900 வரிசையிலிருந்து என்விடியா தன் கையெழுத்திட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும்படி சில்லைப் பூட்டிவிட்டதால் நிலைமை இன்னும் மோசம். 210 போன்ற சின்னக் கார்டில் இது பெரிதாக உறைக்காது. இருந்தாலும் பிரௌசர் நடுவில் சில சமயம் திரை உறைந்துபோவதை நூவோ பயன்படுத்துபவர்கள் அறிவார்கள்.

லினக்ஸின் தந்தை லைனஸ் டோர்வால்ட்ஸ் 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசியபோது, இந்த ஒத்துழையாமை பற்றிய கேள்விக்குக் காமிராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிப் பதில் சொன்னார். பத்து ஆண்டு கழித்து, 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. உலகமெங்கும் கைதட்டல். ஆனால் திறந்தது 2018-ல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டும். பழைய கார்டுக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

எதிர்த்தரப்புக் கதை வேறு. ஏடிஐ கம்பெனியை 2006-ல் வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் தன் ரேடியான் சில்லுகளின் விவர ஏடுகளை வெளியிடத் தொடங்கியது. மூடிய டிரைவர் ஒன்றும் அதனிடம் இருந்தது. அது பல கார்டுகளை என்விடியாவைவிடச் சீக்கிரமே கைவிட்டது. 2016-ல் வந்த உபுண்டு 16.04 அந்த மூடிய டிரைவரையே ஒதுக்கிவிட்டது. யாரும் பெரிதாக அழவில்லை, ஏனென்றால் விவர ஏடுகளைக் கொண்டு எழுதப்பட்ட திறந்த டிரைவர் அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தது. 2010-ல் வந்த ரேடியான் எச்டி 5450 என்ற மலிவுக் கார்டு இன்றைய டிஸ்ட்ரோக்களிலும் கேள்வி கேட்காமல் ஓடுகிறது. 2012 வாக்கில் வந்த எச்டி 7000 வரிசையின் பல கார்டுகளுக்கு 6.19 கெர்னலில் ஒரு படி உயர்வே கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாக அவற்றை ஓட்டிய ரேடியான் டிரைவரின் இடத்தில், புதிய கார்டுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவரே முதல் தேர்வாக வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் மறந்துபோன கார்டுக்குப் பணி உயர்வு!

'பழைய கார்டு என்றால் பழைய டிஸ்ட்ரோ' என்ற பொதுப்புத்தி இங்கே குப்புற விழுகிறது. இந்த ரேடியான் கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் என்ற சிறு கோப்பு தேவை. அது முழுச் சுதந்திர மென்பொருள் அல்ல என்பதால் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் பல ஆண்டுகள் அதற்கு இடம் தரவில்லை. டெபியன் 11-ஐப் போட்டவர் மங்கலான திரையையோ கறுந்திரையையோ பார்த்து, கார்டு செத்துவிட்டது என்று நினைத்திருப்பார். 2022-ல் டெபியன்காரர்கள் வாக்கெடுத்து மனதை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் அந்தக் கோப்பு கூடவே வந்தது. அதே கார்டு, அதே பெட்டி, புதிய டிஸ்ட்ரோவில் பளிச்சென்ற படம்.

பின்பக்கத்து ஓட்டை

இன்டெல் கதை இன்னும் எளிது. அதன் கிராபிக்ஸ் பெரும்பாலும் தனிக் கார்டாக இல்லாமல் மதர்போர்டிலேயே இருக்கும். டிரைவரைத் திறந்த நிலையில் அதுவே எழுதித் தருகிறது. கோர் 2 டுயோ காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஜி31, ஜி41 என்ற சிப்செட் கொண்ட போர்டுகள் ஏராளம். அவற்றில் இன்டெல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. மகன் ஆசைக்கு ஒரு என்விடியா கார்டைச் செருகியதும் அது தூங்கப்போய்விட்டது. பெட்டியின் பின்பக்கம் பார்த்தால், கீபோர்டு செருகும் இடத்துக்கு அருகே மானிட்டருக்கான நீல நிற ஓட்டை ஒன்று தூசி படிந்து சும்மா இருக்கும். கார்டைக் கழற்றிவிட்டு கேபிளை அதில் மாட்டினால் டிரைவர் தலைவலியே தீர்ந்தது. டிஸ்ட்ரோவை மாற்றி மாற்றி ஒரு வாரம் போராடுபவர்களில் எத்தனை பேர் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பார்க்கிறார்கள்?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களும் இந்த வகையில் அதிருஷ்டசாலிகள். மலிவு விலைக் கருவிகள் என்பதால் அவற்றில் தனி என்விடியா கார்டு கிடையாது. தொடக்கத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. இன்று அலமாரியில் கிடக்கும் அந்த லேப்டாப்களுக்கு, ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால், டிஸ்ட்ரோ கிடைப்பதில் சிரமமில்லை.

உண்மையான சிரமம் அதற்கும் முந்தைய பெட்டிகளுக்கு. பென்டியம் 4 காலத்து இன்டெல் 845, 865 போர்டுகள். இந்திய வீடுகளில் மலிவாக நுழைந்த சிஸ், வியா சிப்செட்டுகள். லினக்ஸ் நேயர்களில் மூத்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழைய காயங்களை நினைவூட்டும். பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியைப் போட்டு, மானிட்டரின் அலைவரிசை எண்களைக் கையால் எழுதிக்கொடுத்த காலம் அது. எண் தப்பினால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கை ஆவணத்திலேயே இருக்கும். கை நடுங்க என்டர் தட்டியவர்கள் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள்.

அந்தக் கார்டுகளுக்குத் திறந்த டிரைவர் இருந்தும் இப்போது இறங்குமுகம். சிஸ், வியா, சாவேஜ், பழைய இன்டெல் 810 ஆகியவற்றின் முப்பரிமாண டிரைவர்களை 2023-ல் வந்த 6.3 கெர்னல் நீக்கிவிட்டது. 845, 865 வகையறாவின் முப்பரிமாணக் குறியீட்டை மேசா என்ற வரைகலை நூலகம் 'ஆம்பர்' என்ற தனிக் கிளைக்கு ஒதுக்கிவைத்துவிட்டது. திறந்த மூலம் என்றால் சிரஞ்சீவி என்று பொருளல்ல. கவனிக்க ஆள் இருக்கும்வரைதான் ஆயுள். ஆனால் அது இருபது ஆண்டுகளைத் தாண்டி நீண்டிருக்கிறது.

இவற்றில் பல 32-பிட் பெட்டிகள் என்பது இன்னொரு கதவடைப்பு. 32-பிட்டுக்கு நிறுவல் வட்டு தந்த கடைசி டெபியன் 12-தான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 தருவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசர் 2025 நவம்பரில் வந்த 145-ம் பதிப்போடு 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸ் போன்ற சிலவே அவற்றை ஏற்கின்றன. தட்டச்சு பழக, பாட்டு கேட்க அவை போதும். வீடியோ அழைப்புக்கு என்றால் நாகரிகமாக மறுத்துவிடுவதே நல்லது.

திரையின் நடத்தை

டிரைவருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது டெஸ்க்டாப். லினக்ஸில் பல பத்தாண்டுகளாகப் படம் வரைந்த எக்ஸ்11 முறை ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வேலேண்ட் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, ஃபெடோரா 43 இரண்டிலும் க்னோம் டெஸ்க்டாப் வேலேண்டில் மட்டுமே கிளம்பும். என்விடியாவின் 340, 390 டிரைவர்களுக்கு அந்த வேலேண்ட் பாஷை தெரியாது. அவற்றை வைத்திருப்பவர்கள் எக்ஸ்11-லேயே இயங்கும் எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, சினமன் போன்ற டெஸ்க்டாப் கொண்ட பதிப்பைத்தான் நாட வேண்டும். நூவோவுக்கும் ரேடியானுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனாலும் பழைய பெட்டிக்கு எக்ஸ்எஃப்சிஇ இதமானது.

நல்ல வேளையாக, லினக்ஸை ருசி பார்த்துவிட்டு வாங்கலாம். பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும். திரை கறுத்தால், கிளம்பும் பட்டியலில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும். இதையே தீர்வு என்று நினைத்து நின்றுவிடுபவர்கள் பலர். உண்மையில் அந்தச் சொல் கார்டின் முறையான டிரைவரைத் தள்ளிவைக்கச் சொல்கிறது. நோயாளியை வார்டுக்குள் கொண்டுவர ஸ்ட்ரெச்சர் உதவும். அதிலேயே குடும்பம் நடத்த முடியாது. உள்ளே வந்ததும் சரியான டிரைவரைப் போட்டுவிட்டு அந்தச் சொல்லை நீக்க வேண்டும்.

டிரைவர் உண்மையாக வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், கார்டு சும்மா இருக்கிறது, பிராசஸரே கஷ்டப்பட்டுப் படம் வரைகிறது என்று அர்த்தம். சின்ன வீடியோவுக்கே மின்விசிறி அலறும். சரியான டிரைவர் இருந்தும் யூடியூப் திக்கினால் பழி கார்டின் மேல் மட்டுமல்ல. யூடியூப் அனுப்ப விரும்பும் புதிய வீடியோ வகைகளை 2010-ம் ஆண்டுச் சில்லு படிக்காது. பழைய எச்.264 வகையை அனுப்பும்படி கேட்கும் சின்னச் சேர்க்கையைப் பிரௌசரில் போட்டு, தரத்தையும் 480-க்குக் குறைத்தால், பிராசஸருக்கே வேலை சுலபமாகும், படம் ஓடும்.

இத்தனையையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்கலாம். கேரளம் தன் பள்ளிகளுக்கு வேறு வழி கண்டது. அங்கே 'கைட்' என்ற அரசு அமைப்பு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரே பதிப்பைத் தயாரித்துச் சோதித்து எல்லாப் பள்ளிகளுக்கும் தருகிறது. எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் என்ற தலைவலியை ஆசிரியர் சுமப்பதில்லை. ஹைதராபாத்தில் கச்சிபௌலியை மையமாகக் கொண்ட 'ஸ்வேச்சா' என்ற சுதந்திர மென்பொருள் அமைப்பு தெலுங்கிலேயே ஒரு டிஸ்ட்ரோவைக் கொண்டுவந்தது. ஆர்.சி. புரத்துக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. சென்னையில் ஐலக்சி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக் என்ற லினக்ஸ் பயனாளர் குழுக்கள் இதே வேலையைத் தன்னார்வமாகச் செய்து பெயர் பெற்றவை. இப்படி ஒரு குழுவிடம் சில்லின் பெயரோடு போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும். 'கம்ப்யூட்டர் ஓடலை' என்று மட்டும் போனால் கேள்விகள்தான் கிடைக்கும்.

டெக்னீஷியன் வீட்டுக்குத் திரும்பலாம். ஜீஃபோர்ஸ் 210-க்கு 340 வேண்டும், அது இல்லை. எனவே அவருக்கு இரண்டு வழிகள். கார்டை அப்படியே வைத்துக்கொண்டு 64-பிட் டெபியன் 13-ஐ எக்ஸ்எஃப்சிஇயோடு போட்டு நூவோவிடம் ஒப்படைப்பது ஒன்று. அவ்வப்போது உறைந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பெட்டியைத் திறப்பது. டர்பைன் கழற்றிய கைக்கு இரண்டு ஸ்குரூ பெரிதல்ல. கார்டை உருவி, தூசியை ஊதி, கேபிளை அந்த நீல ஓட்டையில் மாட்டி, மறுபடி சுவிட்சைப் போட வேண்டும். போர்டு ஜி41 என்றால் இன்டெல் டிரைவர் தானே வந்து நிற்கும். மகன் போன் செய்யும்போது கார்டைக் கழற்றிய விஷயத்தை மட்டும் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.